கூட்டத்திலிருந்து பிடித்த கேசட்டுகள்

இறுதி ஆண்டு மாணவன், எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு



1963-ஆம் வருஷம் ஏப்ரல் 4-ஆம் தேதி. இங்கிலாந்தில் ஸ்டோ என்ற பள்ளிக்கூடத்து அரங்கில் ஒரு கச்சேரி. பாட வந்தவர்கள் நாலு பேர். பெயர் அப்போதுதான் வெளியே தெரிய ஆரம்பித்திருந்த பீட்டில்ஸ் குழு. அந்தப் பள்ளியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த 15 வயசுப் பையன் ஒருவனிடம் புதுசாக ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. மெஷின் எப்படி வேலை செய்கிறது பார்க்கலாமே என்று கச்சேரி முழுவதையும் பதிவு செய்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்த டேப்பைப் பற்றி 2023-ல் பி.பி.சி. வானொலி சொன்ன பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. இங்கிலாந்தில் பீட்டில்ஸ் நடத்திய ஒரு முழுக் கச்சேரியின் பதிவு என்று இன்று கைவசம் இருப்பவற்றில் அதுதான் மிகப் பழையது!

நம்மில் பலரை விட வயசில் சின்னப் பையன். செய்தது என்னவோ ஒரு லேப் எக்ஸ்பெரிமெண்ட் மாதிரிதான். அறுபது வருஷம் கழித்து அது சரித்திரம் ஆகிவிட்டது. இப்படிக் கூட்டத்தில் உட்கார்ந்து பிடித்த பழைய ராக் கச்சேரிப் பதிவுகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவற்றை எப்படிக் காப்பாற்றுவது, எப்படிப் பகிர்ந்துகொள்வது, அதில் நியாயம் எது, அநியாயம் எது என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

இரண்டு வகைப் பதிவு

கச்சேரியைப் பதிவு செய்ய இரண்டு வழி. மேடையில் இருக்கும் மைக்குகள் எல்லாம் வந்து சேரும் மிக்ஸரிலிருந்து நேராக வயர் போட்டு எடுப்பது ஒன்று. இதை சவுண்ட்போர்டு பதிவு என்பார்கள். குரலும் கிட்டாரும் சுத்தமாக விழும். ஆனால் அரங்கம் இருக்காது. கைதட்டல் கூட எங்கோ தூரத்தில்தான் கேட்கும்.

இன்னொன்று, ரசிகர் ஒருவர் தன் சீட்டில் உட்கார்ந்தபடி மைக் வைத்துப் பிடிப்பது. இதில் ஸ்பீக்கர் சத்தமும், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும், பக்கத்து சீட்காரர் விசிலும் சேர்ந்து விழும். குறை என்று பார்த்தால் எல்லாமே குறைதான். ஆனால் அன்றைக்கு அந்த ஹாலில் இருந்த ஒருவர் காதில் என்ன விழுந்ததோ அது அப்படியே டேப்பில் இருக்கும். கம்பெனிக்காரர்கள் எல்லாக் கச்சேரியையும் பதிவு செய்ததும் இல்லை. எத்தனையோ கச்சேரிகளுக்கு ஒரு ரசிகரின் கேசட்டைத் தவிர வேறு சாட்சியே கிடையாது.

1957 ஜூலை 6 அன்று லிவர்பூல் பக்கத்தில் ஒரு சர்ச் விழா. ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்த நாள் அதுதான். லெனனின் குவாரிமென் குழு அன்று சாயங்காலம் வாசித்ததை உள்ளூர் இளைஞர் ஒருவர் தன் டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார். 1994-ல் லண்டனில் அந்த டேப் ஏலத்துக்கு வந்தபோது இ.எம்.ஐ. கம்பெனி 78,500 பவுண்டு கொடுத்து வாங்கியது. ஒலித்தரம் போதாது என்பதால் இசைத்தட்டாக வெளியிடவில்லை. இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த நாளுக்கு வேறு ஒலிச்சாட்சி ஏது?

சக்கர நாற்காலியில் ஒரு டேப் டெக்

இந்த விஷயத்தில் எல்லோரும் சொல்லும் பெயர் மைக் மில்லார்ட். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஆள். 1970-களில் லெட் செப்ளின், பிங்க் ஃப்ளாய்டு மாதிரிப் பெரிய குழுக்கள் அங்கே வந்தால் இவர் கட்டாயம் இருப்பார். கையில் நாகமிச்சி 550 என்ற தரமான கேசட் டெக்கும், ஏ.கே.ஜி. கம்பெனியின் இரண்டு நல்ல மைக்கும். கதவில் சோதனை உண்டே, அவ்வளவு பெரிய டெக்கை எப்படி உள்ளே கொண்டு போவது? மனுஷன் நடக்க முடியாதவர் போலச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். டெக் நாற்காலிக்குள்! நண்பர்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். அவர் செய்தது சரி என்று நான் வாதாட வரவில்லை. நடந்தது இதுதான்.

1975 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஸ்போர்ட்ஸ் அரீனாவில் பிங்க் ஃப்ளாய்டு நடத்திய கச்சேரி, 1977 ஜூன் 21 அன்று அங்கே ஃபோரம் அரங்கில் லெட் செப்ளின் நடத்திய கச்சேரி, இரண்டும் மில்லார்டின் கேசட்டால்தான் ரசிகர்களிடையே பேர் பெற்றன. அவர் 1994-ல் காலமானார். அவருடைய மூல கேசட்டுகள் போயே போய்விட்டன என்று ரொம்ப நாள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவை பத்திரமாக இருப்பது தெரிந்து ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்கு மாறி வெளியே வந்தன.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? 2025 டிசம்பரில் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தின் 50-ஆம் ஆண்டுப் பதிப்பு வந்தது. அதில் மில்லார்ட் திருட்டுத்தனமாகப் பிடித்த அந்த 1975 கச்சேரியும் சேர்ந்திருக்கிறது. ஸ்டீவன் வில்சன் என்ற இசைக் கலைஞர் ஒலியைச் செப்பனிட, அதிகாரபூர்வமாகவே வெளியிட்டார்கள். வாசலில் பிடிபட்டிருந்தால் பிடுங்கப்பட்டிருக்க வேண்டிய கேசட், 50 வருஷம் கழித்து ராஜமரியாதையோடு முன்வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறது.

காசு கிடையாது, கேசட் உண்டு

கேசட் பிடித்தவர் பெட்டியில் பூட்டி வைத்தால் அது ஒருவர் சொத்து. பெட்டி நனைந்தால் அதோடு கதை முடிந்தது. பத்துப் பேரிடம் நகல் இருந்தால் ஒன்பது அழிந்தாலும் ஒன்று மிஞ்சும். இந்தச் சின்னக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்கக் குழுவின் ரசிகர்கள்.

இந்தக் குழு ஒரே பாட்டை ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி வாசிக்கும். அதனால் நேற்றைய கச்சேரி கேட்டவனுக்கு இன்றைய கச்சேரியும் வேண்டும். 1971-லேயே நியூயார்க்கில் கேசட் பரிமாற்றத்துக்கென்று ரசிகர்கள் ஒரு சங்கம் மாதிரி ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே விதி, காசு வாங்கக் கூடாது. உன்னிடம் இருப்பதைக் கொடு, என்னிடம் இருப்பதை வாங்கிக்கொள். கொடுக்க ஒன்றும் இல்லாத புதுசு ஆளா? வெற்றுக் கேசட்டும் திருப்பி அனுப்பத் தபால் செலவும் அனுப்பினால் போதும், பதிவு செய்து அனுப்பிவிடுவார்கள்.

குழுவும் இதைத் தடுக்கவில்லை. கூட்டம் பெருத்து, ரசிகர்களின் மைக் ஸ்டாண்டுகள் ஒலிப் பொறியாளருக்கு மேடையையே மறைக்க ஆரம்பித்தன. 1984 அக்டோபரில் ஒரு வழி கண்டார்கள். மிக்ஸருக்குப் பின்னால் பதிவு செய்பவர்களுக்கென்றே தனி இடம், தனி டிக்கெட். வியாபாரம் மட்டும் கூடாது என்று நிபந்தனை. ஊரெல்லாம் இலவசமாகக் கேசட் சுற்றினால் டிக்கெட் விற்காது என்று நாம் நினைப்போம். அங்கே நடந்தது நேர் எதிர். கேசட் கேட்டவன் எல்லாம் கச்சேரிக்கு வந்தான்.

நான் செய்த தப்பு

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் மாமா 1986-ல் மெட்ராஸில் ஒரு கல்லூரி விழாவில் நடந்த ராக் கச்சேரியை டூ-இன்-ஒன்னில் பிடித்து வைத்திருந்தார். வாசித்தவர்களும் மாணவர்கள்தான். நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது, "மாமா, இதை நான் கம்ப்யூட்டர்ல ஏத்தித் தரேன்" என்று வாங்கினேன். இரைச்சலை ஒரு சாஃப்ட்வேர் போட்டு அழுத்தித் துடைத்தேன். பாட்டுக்கு நடுவில் இருந்த கூச்சலை எல்லாம் வெட்டினேன். எம்.பி.3 ஆக்கினேன். பூஞ்சை பிடித்திருந்த கேசட்டைத் தூக்கியும் போட்டுவிட்டேன். ரொம்பப் பெருமையாக மாமாவிடம் கொடுத்தேன்.

கேட்டுவிட்டு மாமா கேட்டார், "ஏண்டா, ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் சேகர் கத்துவானே, 'இன்னொரு தரம் வாசிங்கடா'ன்னு... அது எங்கடா?"

அந்த சேகர் மாமாவின் ஹாஸ்டல் ரூம்மேட். இன்று அவர் உயிரோடு இல்லை. அவருடைய குரல் இருந்த ஒரே இடம் அந்தக் கேசட். நான் அதைக் குப்பை என்று வெட்டி எறிந்திருக்கிறேன். மாமா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். கீழே எழுதுவதெல்லாம் அந்தத் தப்பில் கற்றுக்கொண்டவை.

டேப்புக்கு எத்தனை எதிரிகள்!

கேசட்டில் ஓடும் நாடாவின் அகலம் ஏறக்குறைய 3.8 மில்லிமீட்டர். அதில் ஸ்டீரியோவுக்கு ஒரு பக்கம் இரண்டு, மறு பக்கம் இரண்டு என்று நாலு டிராக். ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். பிளாஸ்டிக் நாடா மேல் ஒரு பசை, அந்தப் பசைக்குள் காந்தத் துகள். அவ்வளவுதான் சமாசாரம். ஈரம், வெயில், தூசி, காந்தம் எல்லாமே இதற்குப் பகை. சி-60 கேசட்டின் நாடா கொஞ்சம் தடிமன். சி-120-ல் பாதி தடிமன்தான் இருக்கும். அதனால் சீக்கிரம் இழுபடும், சிக்கும்.

ரீல் டேப்பில் இன்னொரு வியாதி. 1970-களின் நடுவிலிருந்து வந்த சில பிராண்டு டேப்புகளின் பசை, காற்றின் ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும். ஓடவிட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு காந்தப் பூச்சே உரிந்து வரும். இதற்கு வைத்தியம், 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் கட்டுப்பாடான சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தை வெளியேற்றுவது. அதன் பிறகு கொஞ்ச நாள் மட்டும் ஓடும். அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். இது அனுபவசாலிகள் வேலை. அதற்கும் முந்தைய அசிடேட் டேப்பைச் சூடாக்கவே கூடாது.

அடுத்தது நகலின் நகல். ஒரே தரமுள்ள இரண்டு டெக்கில் நகல் எடுத்தாலும், மூலத்தின் இரைச்சலோடு புது டேப்பின் இரைச்சலும் சேரும். இரைச்சலின் சக்தி இருமடங்கு, அதாவது 3 டெசிபல் கூடும். நகலின் நகல், அதற்கும் ஒரு நகல் என்று கைமாறிப் போனால் கடைசியில் மழைச் சத்தத்துக்கு நடுவில் பாட்டு கேட்கிற மாதிரி இருக்கும். ஆகவே மூலத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் போக வேண்டும்.

டிஜிட்டலுக்கு மாற்றும் முறை

முதலில் கேசட்டின் பின்பக்கம் இருக்கும் இரண்டு சின்னத் தாழ்களை உடைத்துவிடுங்கள். கை தவறி ரிக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது. கேசட்டைத் திறந்து பார்த்து, நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுப்பட்டை விழுந்திருந்தால் நல்ல ஸ்க்ரூ வைத்த வேறு கூட்டுக்கு நாடாவை மாற்றுங்கள். பூஞ்சை இருந்தால் மெஷினில் போடவே வேண்டாம், முதலில் சுத்தம். டெக்கின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அசிமத், அதாவது ஹெட்டின் சாய்வுக் கோணம். பதிவு செய்த மெஷினின் ஹெட் ஒரு கோணத்தில் இருந்திருக்கும். உங்கள் மெஷின் ஹெட் வேறு கோணத்தில் இருக்கும். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் சிம்பல் சத்தம், குரலின் கூர்மை எல்லாம் மழுங்கிவிடும். ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்பி, இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டு, எந்த இடத்தில் ஒலி அதிகக் கூர்மையாக வருகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். இதைச் செய்யாமல் மாற்றிவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் ட்ரெபிள் கூட்டிப் பிரயோஜனமில்லை.

பிறகு வேகம். பேட்டரியில் ஓடிய மெஷினில் பதிவின்போது பேட்டரி இறங்கினால் டேப் மெதுவாக ஓடியிருக்கும். அதைச் சரியான வேகத்தில் ஓடவிட்டால் சுருதி ஏறிப்போய்க் கேட்கும். சுமார் 6 சதவீத வேக வித்தியாசம் என்றால் சுருதி முழுசாக ஒரு அரை ஸ்வரம் மாறிவிடும். கிட்டாரின் சுருதியை வைத்தோ, பதிவில் விழுந்திருக்கும் மின்சார ஹம் ஒலியை வைத்தோ கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், இங்கிலாந்திலும் நம் நாட்டிலும் 50. ஆனால் திருத்தத்தை நகலில் மட்டும் செய்யுங்கள்.

பதிவு செய்யும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் நல்லது. 90 நிமிஷ கேசட்டுக்கு ஏறக்குறைய 3 ஜி.பி. ஆகும். இன்றைக்கு அது ஒரு பெரிய இடமே இல்லை. சேமிக்க ஃப்ளாக் என்ற முறை. இது 2001-ல் வந்தது. ஃபைலைச் சுருக்கும், ஆனால் ஒரு பிட் கூட இழக்காது. எம்.பி.3 அப்படி இல்லை. காதுக்குத் தெரியாது என்று அது நினைப்பதைத் தூக்கி எறிந்துவிடும். எறிந்தது திரும்பி வராது. போனில் கேட்க எம்.பி.3 போதும். காப்பாற்றி வைக்க அது உதவாது.

முக்கியமான விஷயம், முதலில் எடுத்த அந்த ஃபைலை எதுவும் செய்யாமல் அப்படியே வையுங்கள். இரைச்சல் குறைப்பது, வெட்டுவது எல்லாம் இன்னொரு நகலில். இன்றைய சாஃப்ட்வேரை விட நாளைய சாஃப்ட்வேர் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். அதற்கு வேலை செய்ய மூலம் வேண்டாமா? கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள். என் கதை ஞாபகம் இருக்கட்டும்.

பெயர்ச் சீட்டில் பொய் வேண்டாம்

யார் வாசித்தது, எந்த ஊர், எந்த அரங்கம், என்ன தேதி, எந்த மைக், எந்த டெக், இது மூலமா எத்தனையாவது நகலா, யார் டிஜிட்டலாக்கியது, என்ன திருத்தம் செய்தார் என்று எல்லாவற்றையும் ஒரு சின்ன ஃபைலில் எழுதிக் கூடவே வைக்க வேண்டும். தெரியாததை 'தெரியாது' என்றே எழுதுங்கள். 1966-ல் பாப் டிலன் இங்கிலாந்தில் நடத்திய ஒரு கச்சேரிப் பதிவு, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் என்ற பெயரிலேயே பல வருஷம் உலகம் சுற்றியது. உண்மையில் அது மே 17 அன்று மான்செஸ்டரில் நடந்தது. ஒருவர் தப்பாக எழுதினால் ஆயிரம் பேர் அதையே நகல் எடுப்பார்கள்.

ஃபைல் கைமாறும்போது கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க எம்.டி.5 மாதிரிச் சரிபார்ப்பு எண் ஒன்று போடுவார்கள். ஒரு பிட் மாறினாலும் எண் வேறாகிவிடும். 1998-ல் தொடங்கிய இ-ட்ரீ என்ற ரசிகர் குழு இந்த ஒழுங்கை எல்லாம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2002-ல் அவர்களும் இன்டர்நெட் ஆர்க்கைவ் நூலகமும் சேர்ந்து நேரடிக் கச்சேரிகளுக்கென்று ஒரு காப்பகம் ஆரம்பித்தார்கள். இன்று அதில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். சம்மதம் கொடுத்த குழுக்களின் கச்சேரி மட்டும்தான் அதில் ஏறும்.

நியாயம் எது?

இனி கஷ்டமான கேள்வி. பாடியவனைக் கேட்காமல் பிடித்த பதிவைப் பகிர்வது திருட்டு இல்லையா?

கலைஞனுக்குத் தன் பாட்டின் மேல் உரிமை உண்டு. அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டம் அனுமதியில்லாத கச்சேரிப் பதிவுகளைத் தடை செய்தது. நம் நாட்டிலும் அதே 1994-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித்தான் நிகழ்த்துபவர் உரிமை என்பதைக் கொண்டுவந்தார்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டும் ஒருவர் பதிவு செய்வதை நம் சட்டம் மீறலாகக் கருதுவதில்லை. ஊருக்கு விநியோகம் செய்வது வேறு விஷயம். பீட்டில்ஸ் 1962 டிசம்பரில் ஹாம்பர்க் ஸ்டார் கிளப்பில் பாடியதை வீட்டு டேப் ரிக்கார்டரில் பிடித்த பதிவை 1977-ல் இசைத்தட்டாக விற்றார்கள். சண்டை நீண்டு, 1998-ல் ஜார்ஜ் ஹாரிசன் லண்டன் நீதிமன்றத்தில் நேரில் சாட்சி சொன்ன பிறகுதான் பீட்டில்ஸ் பக்கம் ஜெயித்தது.

சம்மதம் கொடுத்த குழுவிலும் பிரச்சினை வரும். 2005 நவம்பரில் கிரேட்ஃபுல் டெட் பதிவுகள் ஆர்க்கைவிலிருந்து திடீரென்று இறக்கப்பட்டன. ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். சில நாளில் சமரசம். ரசிகர்கள் பிடித்த பதிவுகளை முன்போல இறக்கிக்கொள்ளலாம், சவுண்ட்போர்டு பதிவுகளைக் கேட்க மட்டும் செய்யலாம் என்று முடிவானது.

இதையெல்லாம் பார்த்து நல்ல ரசிகர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விதிகள் மூன்று. ஒரு பைசா வாங்கக் கூடாது. கடையில் அதிகாரபூர்வமாகக் கிடைப்பதைப் பகிரக் கூடாது. கலைஞன் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். சட்டம் முழுசாக இதை ஏற்றுக்கொள்கிறதா என்றால், இல்லை. என் அபிப்பிராயம் கேட்டால், காப்பாற்றுவதும் பகிர்வதும் இரண்டு தனி வேலை. காப்பாற்ற இன்றே ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் டேப் நமக்காகக் காத்திருக்காது. பகிர்வதற்குச் சம்மதம் வரும் வரை காத்திருக்கலாம். பிங்க் ஃப்ளாய்டுக்கு 50 வருஷம் ஆனது. அதுவரை கேசட் பிழைத்திருந்ததால்தானே அந்தச் சம்மதத்துக்கு அர்த்தம் வந்தது?

நண்பர்களே, கேசட் பிடித்த தலைமுறைக்கு இன்று வயசாகிவிட்டது. நல்ல டெக்குகளும் குறைந்துகொண்டே வருகின்றன. பெல்ட் மாற்றவும், ஹெட் அலைன் பண்ணவும் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை நம்முடையதாக இருக்கலாமே! உங்கள் வீட்டுப் பரணில் மாமாவோ பெரியப்பாவோ பிடித்த கேசட் இருந்தால், அது ராக் கச்சேரியோ, ஊர்த் திருவிழாப் பாட்டுக் கச்சேரியோ, தூசி தட்டி எடுங்கள். நம் லேபில் நானும் இரண்டு ஜூனியர்களும் சேர்ந்து ஒரு பழைய டெக்கைச் சரிசெய்து வைத்திருக்கிறோம். சனிக்கிழமை மத்தியானம் வந்தால் மாற்றித் தருகிறோம். காசு வேண்டாம்.

இந்த முறை சேகர் மாதிரி யார் கத்தினாலும் வெட்ட மாட்டேன். அது உறுதி.